ஸ்டைரால் திரும்பிய வழி

1839இல் பெர்லின் மருந்தாளர் எடுவர்ட் சைமன் ஸ்டோராக்ஸ் என்னும் மரப்பிசினை வாலையிலிட்டு வடித்தார். நம் பழைய மருந்து நூல்களில் நேரியரிசிப்பால் எனப்படுவது இதுவே. வடிந்த எண்ணெய்க்கு ஸ்டைரால் என்று பெயரிட்டார். நாளடைவில் எண்ணெய் தடித்துக் கூழானது. காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்துவிட்டதென்று கருதி, அதை ஸ்டைரால் ஆக்ஸைடு என்றே குறித்துவைத்தார். பிழைதான், ஆனால் அன்றைய அறிவுக்கு நியாயமான பிழை.

1845இல் ஜான் பிளைத்தும் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மனும் ஸ்டைராலைக் காற்றுப் புகாத கண்ணாடிக் குழாயில் சூடாக்கினர். அப்போதும் அது இறுகியது; தனிமங்களின் விகிதமோ மாறவில்லை. அவர்கள் செய்த அடுத்த காரியம்தான் எனக்கு வியப்பூட்டுவது. இறுகிய பொருளை மேலும் சூடாக்கி வடித்தார்கள். பழைய எண்ணெயே சொட்டியது. தெர்மோகோல் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அதைக் குலைக்கும் வழி தெரிந்துவிட்டது!

ஏன் அப்படி நிகழ்கிறது என்பதற்கு 1920இல் ஹெர்மன் ஸ்டாவ்டிங்கர் முன்வைத்த நெடுஞ்சங்கிலிக் கருத்து வர வேண்டியிருந்தது. வெப்பத்தில் சங்கிலி எங்கோ அறுகிறது; அறுந்த முனையிலிருந்து கண்ணி கண்ணியாகக் கழல்கிறது. சிலசமயம் முனை தன் உடலையே திரும்பிக் கடித்து, இரண்டு மூன்று கண்ணிகளைச் சேர்த்தே உதிர்க்கிறது. எனவே ஸ்டைரீன் தூய்மையாகக் கிடைப்பதில்லை.

வேகத்துக்கான சமன்பாட்டை அர்ஹேனியஸ் 1889இலேயே தந்திருந்தார். கிளர்வு ஆற்றல் மோலுக்கு 200 கிலோஜூல் என்று கொண்டால், 375 பாகை செல்சியஸ் அருகே ஒவ்வொரு 12 பாகைக்கும் வேகம் இரட்டிக்கும். ஆனால் இந்த ஆற்றலுக்கு ஆய்வாளர்கள் தந்த மதிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. மாதிரியின் அளவும் சூடேற்றும் விதமும் மாறினால் எண்ணும் மாறுகிறது. சில மில்லிகிராமில் அளப்பது பெரும்பாலும் வினையின் வேகம்; கொப்பரை நிறைய உருக்கும்போது அளப்பது, வெப்பம் உள்ளே போய்ச் சேரும் வேகமாகவும் இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு கட்டிய உலை கணக்குப்படி ஓடாது.

1950களில் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனத்தின் ஸ்டைரோபோர் சந்தைக்கு வந்தது. அந்நுரையின் கனஅளவில் ஏறத்தாழ 98 விழுக்காடு காற்று. லாரி நிறைய ஏற்றினாலும் உலைக்கு வந்து சேரும் பிளாஸ்டிக் சொற்பம். முதலில் நசுக்கியோ உருக்கியோ சுருக்கியாக வேண்டும். கட்டடங்களில் பதித்த பழைய பலகைகளில் வேறொரு தொல்லையும் உண்டு. தீ பரவாதிருக்க அவற்றில் எச்.பி.சி.டி என்ற புரோமின் சேர்மத்தைக் கலந்திருந்தார்கள். ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2013இல் அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அப்பலகைகளைச் சூடாக்கினால், ஹோஃப்மனின் குழாயில் இல்லாத புரோமினும் எண்ணெயோடு கூடவே வருகிறது.