கம்பளிக் கடன்: மலையகத்தார் உடுத்திய கதை

"நம் பெண்கள் சேலையை மறந்துவிட்டார்கள். தோட்டங்களில்கூட இப்பொழுது ரீ சேர்ட்டும் பாவாடையும்தான்." அண்மைக் காலத்தில் மலையகம் சென்று திரும்பிய நண்பர்கள் சிலர் என்னிடம் இவ்வாறு வருந்தினர். ஒருவர் கனடாவிலிருந்து வந்தவர், மற்றொருவர் சென்னைக்காரர். இருவரும் மனத்தில் வைத்திருந்த படம் ஒன்றே: பச்சைச் செடிகளுக்கு நடுவே வண்ணச் சேலையும் நெற்றிப் பொட்டும் முதுகில் கூடையுமாய்ச் சிரிக்கும் ஒரு பெண். தேயிலைப் பெட்டிகளும் சுற்றுலாச் சுவரொட்டிகளும் நூறாண்டுக்கு மேலாக உலகுக்குக் காட்டிவரும் படம் அது. அந்தப் படத்திலே மழை இல்லை என்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

மழையைப் பற்றிப் பேச வேண்டுமாயின் கினிகத்தேனையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவிசாவளையிலிருந்து ஹற்றன் நோக்கி மலையேறும் நெடுஞ்சாலையில், கித்துல்கலையைத் தாண்டியபின் வரும் கணவாய் நகரம் இது. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்து வரும் நீரை இம்மலைச் சரிவுகளில்தான் இறக்கிவைக்கிறது. அருகிலுள்ள வட்டவளை இலங்கையிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்யும் மண் அது. சென்னை நகரம் ஓராண்டில் பெறும் மழையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு.

இம்மழைக்குள் வந்து சேர்ந்தவர்கள் யார்? திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரை, சேலம் முதலிய வறண்ட நிலங்களின் மக்கள். அங்கே ஆண்களுக்கு இடுப்பில் ஒரு துணியும், பெண்களுக்கு ரவிக்கை இல்லாத ஒற்றைச் சேலையும் போதுமானவையாக இருந்தன. அல்லது அவ்வளவே அவர்களுக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது. கோப்பிக் காலத்தில் பலர் பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பினர். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டதும், 1869இலிருந்து இலைநோய் கோப்பியை அழித்ததும் இந்த ஒழுங்கை மாற்றின. கோப்பிப் பழம் பருவத்தில் பழுக்கும். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் துளிர்க்கும். மழையில் இன்னும் விரைவாகத் துளிர்க்கும். எனவே மழையிலும் மலைக்குப் போக வேண்டும். கொய்யும் கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகளாக இருக்க வேண்டும். மலையகத்து உடை இந்தத் தேவையிலிருந்து பிறந்தது.

கறுத்த, முரட்டுக் கம்பளி அதன் முதற் பகுதி. தென்னிந்தியாவிலிருந்து இறக்குமதியான இக்கம்பளியை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டு, அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டிக்கொள்வர். இரண்டாவது, இடுப்பைச் சுற்றிக் கட்டும் சாக்குப் படங்கு. தேயிலைச் செடியின் கிளைகள் சேலையைக் கிழிக்காமலும், பனியும் கறையும் இறங்காமலும் அது காத்தது. வேலைக்கு ஏற்றபடி சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொள்வது மூன்றாவது. அட்டைகள் நிறைந்த மலையில் நீளமாக உடுத்தி நடக்க இயலாது. சேலை, கம்பளி, சாக்கு என்ற இம்மூன்றும் சேர்ந்த உருவமே உண்மையான கொழுந்துக்காரி.

கொழும்பிலிருந்த ஸ்கீன், பிளாட்டே முதலிய நிழற்படக் கூடங்கள் வெளியிட்ட பழைய தபாலட்டைகளில் தமிழ்ப் பெண்கள் மூக்குத்தியும் காதணிகளும் கைநிறைய வளையல்களுமாய் நிற்பதைக் காணலாம். அவை பொய் என்று நான் சொல்லவில்லை. வங்கியை அறியாத மக்களுக்கு நகைதான் சேமிப்பு. அதை உடலிலேயே வைத்திருந்தனர். ஆனால் அது பண்டிகை நாளின் கோலம். வேலை நாளின் கோலத்தை விலைக்கு வாங்குவோர் யாரும் ஐரோப்பாவில் இருக்கவில்லை.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். இந்தக் கம்பளி இலவசமன்று. தோட்டம் அதைக் கொடுத்து, விலையைத் தொழிலாளியின் பெயரில் பற்று எழுதி, சம்பளத்தில் கழித்துக்கொண்டது. கடல் கடந்து வந்த வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று ஒவ்வொன்றும் கணக்கில் ஏறின. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்ல விரும்பும் தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவரை விடுவிப்பதாகத் துரை எழுதித் தரும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்முறை ஒழிக்கப்படும்வரை, மனிதர்களின் விலை அந்தக் காகிதத்தில்தான் எழுதப்பட்டது. தமிழில் துண்டு என்ற சொல்லுக்குத் தோளில் போடும் துணி என்றும் பொருள் உண்டு. ஊரில் தோளில் துண்டு போடும் உரிமை மறுக்கப்பட்டவர்கள், இங்கே கடன் துண்டோடு தோட்டம் மாறினார்கள்.

கினிகத்தேனைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் சந்தித்த மூதாட்டி ஒருவர் இதை எளிமையாகச் சொன்னார்: "எங்க ஆத்தா காலத்துல கம்பளிக் காசு முடியிறதுக்குள்ள கம்பளி கிழிஞ்சி போயிருமாம் சாமி. புள்ளைய சுத்துறதும் அதுலதான், மழைக்குப் போடுறதும் அதுலதான்." தோட்டக் கணக்கு முறையைப் பற்றிய நூல்கள் பல படித்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை எங்கும் கண்டதில்லை.

தோட்டத்தில் ஒருவரின் பதவியைத் தூரத்திலிருந்தே உடையால் அறியலாம். துரைக்குத் தொப்பி, அரைக் காற்சட்டை, நீண்ட காலுறை, சப்பாத்து. பெரிய கங்காணிக்கு வேட்டியின்மேல் கோட்டு, தலைப்பாகை, காதில் கடுக்கன், கையில் பிரம்பு. கணக்கப்பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை. பெரட்டுக் களத்தில் நிற்கும் ஏனையோருக்குக் கம்பளி. கங்காணியின் கோட்டுக்கு இன்னொரு பயனும் இருந்தது. ஆள் சேர்க்க அவர் தம் ஊருக்குப் போகும்போது அந்தக் கோட்டே விளம்பரம். பஞ்சம் வாட்டிய கிராமத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து நின்றால், இலங்கையில் தேங்காயும் மாசியும் விளைகின்றன என்று அவர் சொல்லும் கதையை நம்பாமல் என்ன செய்வார்கள்?

உடைக்கு இவ்வளவு அதிகாரம் இருந்ததை நன்கு அறிந்து பயன்படுத்தியவர் கோ. நடேசய்யர். தஞ்சையிலிருந்து 1919ஆம் ஆண்டளவில் இலங்கை வந்த இவர், தொழிலாளரின் நிலையை நேரில் அறிய விரும்பினார். வெளியார் எவரும் அனுமதியின்றித் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலம் அது. ஆனால் புடவை வியாபாரிக்குத் தடை இல்லை. அவர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் சென்றார். பின்னர் 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்து, ஹற்றனைத் தளமாகக் கொண்டு இயங்கினார். மலையகத் தொழிற்சங்க வரலாறு ஒரு துணி மூட்டையோடு லயத்துக்குள் வந்தது எனலாம்.

இப்பொழுது கடலுக்கு அப்பால் பார்ப்போம். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடி, 1859இல் அரச பிரகடனத்தைப் பெற்ற வரலாறு பலரும் அறிந்தது. இராமநாதபுரத்துக் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1930 டிசம்பரில் அம்மாவட்டத்தின் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகை அணியலாகாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் உடுத்தலாகாது, கோட்டு, சட்டை, பனியன் கூடாது, பெண்கள் மேலுடம்பைத் துணியாலோ ரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கலாகாது, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது. மீறியோரின் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931ஆம் ஆண்டின் இந்தியக் குடிசன மதிப்பு ஆணையாளராக இருந்த ஜே. எச். ஹட்டன் இவற்றைத் தமது நூலில் பதிவு செய்துள்ளார்.

இத்தடைகள் விதிக்கப்பட்ட அதே காலத்தில், அதே மாவட்டத்திலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் கினிகத்தேனை மலைகளில் கொழுந்து கொய்துகொண்டிருந்தனர். தோட்டத்தில் சாதி ஒழிந்துவிடவில்லை. லயக் காம்பராக்களைப் பகிர்ந்ததிலும், கங்காணிப் பதவி போன குடும்பங்களிலும் அது இருக்கவே செய்தது. துரையின் பங்களாவுக்கு முன்னால் குடையை மடக்கிக்கொண்டு போன காலத்தை முதியோர் இன்னமும் சொல்வர். எனினும் ஆள்பலமே இலாபமாயிருந்த தோட்டத்தில், எந்தப் பெண் ரவிக்கை போட்டாள் என்பது நிருவாகத்தின் கவலையாக இருக்கவில்லை. கூலி அவள் பெயரிலேயே எழுதப்பட்டது. அதைப் பெரும்பாலும் ஆண்களே கையில் வாங்கினார்கள் என்றபோதிலும், அவள் உழைப்புக்கு ஒரு கணக்கு இருந்தது. மெல்ல மெல்லச் சீத்தைத் துணி ரவிக்கையாயிற்று. பின்கொசுவம் வைத்துக் கட்டிய சேலை, திரைப்படங்களும் பள்ளிக்கூட ஆசிரியைகளும் காட்டிய முறையில் முன்கொசுவமாயிற்று. தண்டட்டி தொங்கிய காதுகள் சிறிய தோட்டுக்கு மாறின.

என் நண்பர்கள் இழந்துவிட்டதாக வருந்தும் 'மரபுச் சேலை' இதுதான். ரவிக்கையோடு கூடிய அந்த முழுச் சேலை, பலருடைய பாட்டியாருக்குப் புது நாகரிகம். அவர்களின் ஊரிலே குடிசை எரிவதற்குக் காரணமாகக்கூடிய நாகரிகம். அதை அணிந்த முதல் தலைமுறையையும் யாரோ ஒருவர், "காலம் கெட்டுவிட்டது" என்றுதான் சொல்லியிருப்பார்.

அடுத்த மாற்றம் அச்சத்தால் வந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரு நாடுகளுக்குப் பிரித்தது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் சேலையும் பொட்டும் ஒருவரை அடையாளம் காட்டும் குறிகளாயின. பொட்டை அழித்துவிட்டுப் பேருந்தில் ஏறிய பெண்களின் கதைகளைப் பத்திரிகையாளர்கள் நாங்கள் நிறையக் கேட்டிருக்கிறோம். சிங்களக் கிராமங்களும் தமிழ்த் தோட்டங்களும் நெருங்கியிருக்கும் கினிகத்தேனை போன்ற ஊரில், பாவாடை சட்டைக்கு மாறியதைப் 'புதுமை மோகம்' என்று மட்டும் எழுதிவிட முடியாது.

அதன் பின்னர் திறந்த பொருளாதாரம். 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாசாவின் இருநூறு ஆடைத் தொழிற்சாலைகள் திட்டம் கிராமப்புறங்களுக்குத் தையல் இயந்திரங்களைக் கொண்டுவந்தது. கொழுந்துக்காரியின் மகள் தைக்கப் போனாள். மகன் கொழும்பிலே துணிக்கடைச் சிப்பந்தியானான். ஒரு நூற்றாண்டுக் காலம் துணியைக் கடனுக்கு வாங்கிய சமூகம், இலண்டனும் நியூயோர்க்கும் உடுத்தும் துணியைத் தைத்தும், தலைநகரம் உடுத்தும் துணியை விற்றும் வாழத் தொடங்கியது. விடுமுறைக்கு வந்தவர்கள் கொண்டுவந்த ஜீன்சும் சுரிதாரும் லயத்தின் கண்ணாடியை மாற்றின. மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் சென்று திரும்பியோர் இன்னும் சில உடைகளைக் கொண்டுவந்தனர்.

இவற்றால் சமூகம் மாறியதா, சமூகம் மாறியதால் இவை வந்தனவா என்று கேட்டால், இரண்டும் என்பேன். சம்பளம் தன் கைக்கு வந்தபின் பெண் தன் உடையைத் தானே தெரிந்தெடுத்தாள். தானே தெரிந்தெடுத்த உடையோடு வங்கிக்கும் பாடசாலைக் கூட்டத்துக்கும் போனபோது, "ஏய்" என்று அழைத்தவர்கள் "நீங்கள்" என்று பேசத் தொடங்கினர். 2023இல், மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தது. மூதாதையர் அரைத்துணியோடு நடந்த பாதையில், பேரப்பிள்ளைகள் தொப்பியும் ரீ சேர்ட்டும் சப்பாத்தும் அணிந்து நடந்தனர். அதைக் கண்டு யாரும் மரபு போயிற்று என்று வருந்தியதாக நான் அறியேன்.

ஆனால் கணக்குப் புத்தகம் இன்னும் மூடப்படவில்லை. தீபாவளிக்குப் புத்தாடை வாங்கத் தொழிலாளர் பெறுவது முற்பணம். பின்னர் மாதா மாதம் சம்பளத்தில் அது கழிக்கப்படுகிறது. அந்த முற்பணம் எவ்வளவு, எப்போது என்பது ஒவ்வோராண்டும் பத்திரிகைச் செய்தியாகிறது. நானே பலமுறை எழுதியிருக்கிறேன். மழை நாளில் மலைக்குப் போகும் பெண் இன்று கம்பளிக்குப் பதிலாகப் பொலித்தீன் தாளைத் தலையில் போட்டுக்கொள்கிறாள். இடுப்பில் சாக்குக்குப் பதிலாக உர மூட்டைப் பை. நல்ல மழைக்கவசம் ஒன்றைத் தோட்டமே தரவேண்டும் என்பது இன்னமும் பல இடங்களில் கோரிக்கையாகவே நிற்கிறது.

ஆகவே மலையகம் செல்லும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். கொழுந்துக்காரி சேலை உடுத்தியிருக்கிறாளா என்று பார்க்க வேண்டாம். அவளுடைய உடை மழையைத் தாங்குமா, அதற்கான பணத்தை யார் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பண்பாட்டைப் பற்றிய பேச்சை அதன் பிறகு வைத்துக்கொள்வோம்.