பழுது தேடும் கலை நூலான கதை

கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில் வானொலி பழுதுபார்ப்பதை ஆசானின் மேசையருகே நின்றே கற்றார்கள். உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்தால் பழுது அகப்பட்டுவிடும். கணிப்பொறியின் மின்சுற்றுப் பலகைக்கு இம்முறை போதவில்லை. ஏன்?

50 உள்ளீடுகள் கொண்ட ஒரு மின்சுற்றை எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் உள்ளீடும் 0 அல்லது 1. எல்லாச் சேர்க்கைகளையும் விநாடிக்குப் பத்து லட்சம் வீதம் சோதித்தாலும் 35 ஆண்டுகளுக்கு மேலாகும்!

1959-இல் அமெரிக்கரான எல்ட்ரெட் வேறு வழி காட்டினார். ‘எந்த உறுப்பு எப்படிக் கெடலாம்?’ என்று முதலில் கேட்டு, அதற்கேற்பச் சோதனையை அமைப்பதே அவ்வழி. கம்பி ஒன்று 0-விலோ 1-இலோ நிலைத்துவிடுவதே பழுது என்று கொள்வோம். எல்லா உள்ளீடுகளும் 1 ஆனால் மட்டுமே 1 தரும் ‘ஆண்ட்’ கேட்டுக்கு 50 உள்ளீடுகள் இருந்தாலும் 51 சோதனைகளே போதும்: அனைத்தும் 1 ஆக ஒரு முறை, பிறகு ஒவ்வொன்றை மட்டும் 0 ஆக்கி 50 முறை.

இத்தகைய சோதனைகளைக் கணக்கிட்டே கண்டறியும் முறையை 1966-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராத் வெளியிட்டார். இவ்வறிவையெல்லாம் திரட்டி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்ற விஷ்வானி அகர்வால், புஷ்னெல் என்பவருடன் சேர்ந்து எழுதிய பாடநூல் 2000-இல் வெளிவந்தது.

கைத்திறமை ஆசானோடு போய்விடலாம். காரணத்தோடு எழுதி வைத்தது மாணவனுக்குச் சேரும்.