மூலநூலின் மையம்: டோல்கீன் படைப்புகளின் திரையாக்க வரலாறு (1957–2014)

ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில் அதைப் படமாக்க அமெரிக்காவிலிருந்து ஆள் வந்துவிட்டார். 1957இல் ஃபாரஸ்ட் ஜே. அக்கர்மன் கொண்டுவந்த அத்திட்டத்துக்கு மார்ட்டன் கிரேடி சிம்மர்மன் கதைச்சுருக்கம் எழுதியிருந்தார். அதை ஊன்றிப் படித்த டோல்கீன் 1958இல் அக்கர்மனுக்கு நீண்ட மறுப்புரை ஒன்றை அனுப்பினார். அதன் பகுதிகள் 1981இல் வெளியான அவரது கடிதத் தொகுப்பில் உள்ளன. புனைவுலக நாவல்களின் திரையாக்கத்தை மதிப்பிட அந்த மறுப்புரையைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

எதையும் வெட்டக்கூடாது என்று டோல்கீன் சொல்லவில்லை. ‘என்ட்’ எனும் மரமாந்தரின் கதை, ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போர் இரண்டுக்கும் இடம் போதாதென்றால் ஒன்றை விட்டுவிடலாம், விட வேண்டியது போரைத்தான் என்றார். நாவலின் இறுதிப் பகுதியை நீக்கிவிட்டு, அங்கே மடிய வேண்டிய தீய மந்திரவாதி சாருமானை வேறோர் இடத்தில் சாகடிப்பதற்குக் காரணமே இல்லை என்றார். கழுகுகளை வேண்டிய இடத்திலெல்லாம் வாகனமாக்கியதும், சண்டைக்குக் கொடுத்த முதன்மையும் அவரை வெகுவாகப் புண்படுத்தின. மூலத்தின் மையத்தை உணராமல் மிகைப்படுத்துவதும் தேவையற்றதைப் புகுத்துவதுமே படங்களைக் கெடுக்கின்றன என்பது அவர் வாதம்.

அத்திட்டம் நின்றுபோனது. 1969இல் படமாக்கும் உரிமை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்குச் சென்றது. ஜான் பூர்மன் 1970இல் எழுதிய திரைக்கதை படமாகவில்லை. ரால்ஃப் பக்‌ஷியின் 1978 அனிமேஷன் படம் கதையின் பாதியிலேயே முடிந்தது. அவர் எண்ணியிருந்த இரண்டாம் படம் வரவேயில்லை. இந்த வரிசையில் டோல்கீனின் அளவுகோலுக்கு மிக நெருங்கி வந்தது திரைப்படமே அல்ல, 1981இல் பிபிசி ஒலிபரப்பிய 26 பகுதி வானொலி நாடகம். பிரையன் சிப்லியும் மைக்கேல் பேக்வெலும் டாம் பாம்படில் எனும் பக்கப் பாத்திரத்தை முழுதாக நீக்கினர். ஆனால் நாவலின் இறுதியில் வரும் ஷயர் மீட்புப் படலத்தை விடவில்லை. எது கிளை, எது வேர் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பீட்டர் ஜாக்சனின் மூன்று படங்களும் (2001–2003) பாம்படிலை நீக்கின. அதில் குறையில்லை. நாவலில் குளோர்ஃபிண்டல் எனும் பாத்திரம் செய்வதைப் படத்தில் ஆர்வென் எனும் பாத்திரம் செய்வதும் பொறுக்கத்தக்கதே. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நாவலில் ஒரே அத்தியாயமான ஹெல்ம்ஸ் டீப் போர் இரண்டாம் படத்தின் உச்சக்காட்சியானது. கதையின் மாய மோதிரத்தின் ஆசைக்கு ஆட்படாத ஃபராமிர் எனும் வீரன், அதைச் சுமந்து செல்லும் நாயகன் ஃப்ரோடோவைச் சிறைப்பிடித்து ஆஸ்கிலியாத் நகருக்கு இழுத்துச் செல்பவனானான். ஆசையை மறுக்கும் மனிதனும் உண்டு என்று காட்டவே நாவல் அவனைப் படைத்திருந்தது.

இவற்றினும் பெரிய இழப்பு ஷயர் மீட்பு. போரை வென்று தம் ஊரான ஷயருக்குத் திரும்பும் நான்கு ஹாபிட்டுகள் எனும் குள்ள மாந்தர், மரங்கள் வெட்டப்பட்டு, தம் மக்கள் அடக்கியாளப்படும் ஊரைக் காண்கிறார்கள். அவர்களே எழுந்து அதை மீட்கிறார்கள். இப்பகுதி தொடக்கத்திலிருந்தே திட்டமிடப்பட்டது, கதைக்கு இன்றியமையாதது என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் டோல்கீனே எழுதினார். ஜாக்சனின் ஷயரிலோ ஒரு புல்கூட வாடவில்லை. மூன்றாம் படத்தின் நீட்டித்த பதிப்பில் சாருமான் ஆர்தாங்க் கோபுரத்தில் சாகிறான். 1958இல் டோல்கீன் மறுத்த அதே மாற்றம் இது. 11 ஆஸ்கர் விருதுகள் பெற்ற அப்படத்தின் கலைத்திறனை நான் மறுக்கவில்லை. ஆயினும் போர் எங்கோ தொலைவில் நடந்து முடிந்துவிடும், வீடு அப்படியே காத்திருக்கும் என்பது முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் இருந்து மீண்ட டோல்கீனின் பார்வை அல்ல.

1937இல் வந்த ‘தி ஹாபிட்’ சிறுவருக்கான ஒற்றை நூல். அதை 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக நீட்டினார்கள். நூலில் இல்லாத டாரியேல் எனும் பாத்திரமும் ஒரு காதலும் சேர்க்கப்பட்டன. இறுதிப் போரில் நாயகன் பில்போ மயங்கி விழுவதால் நூல் அப்போரின் பெரும்பகுதியைத் தாண்டிச் செல்கிறது. அந்தப் போரே மூன்றாம் படத்தின் பெயரானது. பாம்படிலை இழந்த வானொலி நாடகத்தைவிட, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு மேலும் சேர்த்த இந்த மூன்று படங்களே டோல்கீனிடமிருந்து வெகுதூரம் விலகியவை.