பங்குனி ஆமையும் பக்கெட் எண்ணெயும்

எங்க மாமல்லபுரம் கரைக்கு ஜனவரியிலிருந்து பங்குனி ஆமை முட்டையிட வரும். 2017 ஜனவரி 28 விடிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகம் பக்கத்துல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சு. அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டக் கரை (இப்போ செங்கல்பட்டு) வரைக்கும் பரவுச்சு. பக்கெட்ல அள்ளினதை டிவியில பார்த்திருப்பீங்க. செத்த ஆமைகளும் ஒதுங்கின.

கரை சுத்தமானா கதை முடிஞ்சுதா? 1989-ல் 'எக்ஸான் வால்டெஸ்' கப்பல் அலாஸ்காவில் எண்ணெய் கொட்டிய இடத்தில், கடல் நீர்நாய்கள் மீண்டு வர சுமார் 25 வருஷம் ஆச்சு. விடாம எண்ணினதாலதான் அது தெரிஞ்சுது.

நம்ம ஆமைக்குஞ்சு வளர்ந்து முட்டையிடவே பத்துப் பதினைஞ்சு வருஷம். ஆக, 2017-இன் கணக்கு இனிமேதான் கரையேறும். சென்னையில் மாணவர்கள் 1988-லிருந்து ராத்திரி நடந்து ஆமைக்கூடுகளைத் தேடிக் காப்பாத்துறாங்க. அடுத்த ஜனவரி நடைக்கு நான் ரெடி. நீங்க, மக்களே?