விளையாட்டு பாட்களின் பயன்பாட்டுப் புள்ளிவிவரம்

ஆளில்லாமலே கதாபாத்திரத்தை இயக்கும் ‘பாட்’ மென்பொருள்களை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு. போட்டி பாட்களை ஒப்பிடவே இது பெரும்பாலும் எடுக்கப்படுகிறது. விற்ற உரிமங்கள், ஒரே நேரத்தில் இயங்கும் அமர்வுகள், ஓடிய மணிநேரம் ஆகியவை வழக்கமான அளவைகள். இவை ஒன்றுக்கொன்று ஈடாகா. ஒருவரே பல கணக்குகளை ஓட்டினால் அமர்வு எண்ணிக்கை ஆள் எண்ணிக்கையைத் தாண்டிவிடும். வாங்கிவிட்டுத் தொடாதவர்களோ உரிமக் கணக்கில் நிற்பார்கள். எண்களை வெளியிடுவதும் பெரும்பாலும் விற்பவர்களே என்பதால் விளம்பர வாடை வீசும்.

நம்பத்தக்க எண்கள் நீதிமன்ற ஆவணங்களில்தான் கிடைக்கின்றன. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டுக்கான கிளைடர் பாட், 2008 செப்டம்பர் வரை சுமார் 1,20,000 உரிமங்கள் விற்று 35 லட்சம் டாலர் ஈட்டியதாக, அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 2010 தீர்ப்பு பதிவுசெய்கிறது. ஹானர்படி என்ற பாட்டை உருவாக்கிய ஜெர்மன் நிறுவனம் பாஸ்லாண்ட், 2013 ஜூலை முதல் அமெரிக்காவில் விற்ற எல்லாப் பொருள்களும் சேர்ந்து 1,18,939. இரு எண்களும் நெருங்கியிருப்பது கண்ணை ஏமாற்றும்: முன்னது ஒரே பாட்டின் கணக்கு, பின்னது பல மென்பொருள்களின் கூட்டுத்தொகை. பிந்தையதில் 36 சதவீதம், அதாவது 42,818, ‘ஓவர்வாட்ச்’ விளையாட்டுக்கான ஏமாற்றுக் கருவி என்பது இவ்விளையாட்டுகளின் உரிமையாளரான பிளிஸார்ட் நிறுவனத்தின் மதிப்பீடு. பிளிஸார்ட் தொடுத்த வழக்கில், தலா 200 டாலர் வீதம் 85,63,600 டாலர் இழப்பீடு வழங்க பாஸ்லாண்டுக்கு 2017இல் கலிபோர்னியா நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கில் பாஸ்லாண்ட் எதிர்வாதம் செய்யவில்லை.