பிளஃபி: தனியார் வளர்ப்பிலிருந்து உயிரியல் பூங்காவுக்குச் சென்ற பெரும் மலைப்பாம்பு

பிளஃபி என்பது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள கொலம்பஸ் உயிரியல் பூங்காவில் 2007 முதல் 2010 வரை வாழ்ந்த ஒரு பெண் மலைப்பாம்பின் பெயர். 2009 செப்டம்பர் 30 அன்று, மனிதர் பராமரிப்பில் வாழும் பாம்புகளுள் உலகிலேயே நீளமானது என்று கின்னஸ் நிறுவனம் இதனை அறிவித்தது. அப்போது அதன் நீளம் 7.3 மீட்டர், அதாவது 24 அடி. எடை ஏறத்தாழ 136 கிலோ. பிளஃபி என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பஞ்சுபோல் மெத்தென்றது என்று பொருள். செதில் போர்த்த உடலுக்கு வேடிக்கையாகச் சூட்டப்பட்ட பெயர் இது.

இந்தப் பாம்பு காட்டில் பிடிபட்டதன்று. உயிரியல் பூங்காவில் பிறந்ததும் அன்று. ஒக்லஹோமா மாநிலத்தில் மலைப்பாம்புகளை இனப்பெருக்கம் செய்துவந்த ஒரு தனியாரின் கையில் குஞ்சாக இருந்து வளர்ந்தது. சுமார் பதினைந்து ஆண்டுகள் அங்கே வளர்ந்து, முழு உருவம் பெற்ற பின்னரே பூங்காவுக்கு வந்தது. பாம்பு ஒன்று தனியார் கையிலிருந்து பொது நிறுவனத்தின் கைக்கு மாறும்போது அதன் அளவு, உணவு, பொறுப்பு ஆகியவை எவ்வாறு மாறுகின்றன என்பதை அறிய இதன் வரலாறு உதவுகிறது.

இனம்

பிளஃபி, ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு எனப்படும் இனத்தைச் சேர்ந்தது. ரெட்டிகுலேட்டட் என்பதற்கு வலைபோன்ற என்று பொருள். பழுப்பு, கறுப்பு, மஞ்சள் நிறங்கள் வலைக்கண்கள்போல் பின்னிக் கிடக்கும் உடற்கோலத்தால் இப்பெயர் ஏற்பட்டது. 1801ஆம் ஆண்டில் செருமானிய விலங்கியலாளர் சினைடர் இதனை அறிவியல் முறைப்படி முதன்முதலில் விவரித்தார். தென்கிழக்கு ஆசியா முழுவதும், இந்தோனேசிய, பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் இது பரவியுள்ளது. இந்தியாவின் நிக்கோபார் தீவுகளிலும் காணப்படுகிறது. தமிழ்நாட்டுக் காடுகளில் வாழும் மலைப்பாம்பு இதனினும் வேறான இனம்.

உலகப் பாம்புகளுள் நீளத்தில் முதலிடம் இந்த இனத்துக்கே. எடையில் முதலிடம் தென் அமெரிக்காவின் பச்சை அனகொண்டாவுக்கு. ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்புகளில் பெண்களே பெரியவை; ஆண்கள் மிகவும் சிறியவை. முட்டையிடும் இனம். தாய்ப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, அவை பொரியும்வரை காவல் காக்கும். முட்டையிலிருந்து வெளிவரும்போது குஞ்சு முக்கால் மீட்டர் அளவே இருக்கும். அதே குஞ்சு சில ஆண்டுகளில் ஓர் ஆளைவிடப் பலமடங்கு வலிமை பெற்றுவிடுகிறது. இந்த வேறுபாட்டை எண்ணிப் பாராமல் குஞ்சை வாங்குவோரிடமிருந்தே பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

தனியார் வளர்ப்புக் காலம்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மலைப்பாம்பு வளர்ப்பு ஒரு பொழுதுபோக்காகத் தொடங்கிப் பெருவணிகமாக வளர்ந்தது. முதலில் தென்கிழக்கு ஆசியக் காடுகளில் பிடிக்கப்பட்ட பாம்புகளே இறக்குமதியாயின. பின்னர் வளர்ப்பாளர்கள் தாங்களே முட்டைகளைப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை விற்கத் தொடங்கினர். அரிய நிறமும் கோலமும் கொண்ட குஞ்சுகளுக்குப் பெருவிலை கிடைத்தது.

பிளஃபி 1992ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தது. அதனை வளர்த்தவர் இத்துறையில் நீண்ட அனுபவம் உடையவர். பாம்பு இவ்வளவு பெரிதாக வளர மரபுக்கூறு மட்டும் போதாது. வெப்பமும் ஈரப்பதமும் முறையாக அமைந்த அறை, சரியான இடைவெளியில் உணவு, நோயற்ற உடல் ஆகிய அனைத்தும் பல்லாண்டுகள் தடையின்றிக் கிடைக்கவேண்டும். பாம்பு வாழ்நாள் முழுதும் வளரும் உயிரினம். ஆனால் முதல் சில ஆண்டுகளிலேயே வளர்ச்சி மிகுதி, பின்னர் அது மெதுவாகிறது. எனவே கொலம்பஸ் பூங்கா பெருமையுடன் காட்டிய அந்த உருவம் ஏறக்குறைய முழுவதும் ஒக்லஹோமாவில் உருவானதே. தனியார் வளர்ப்பின் தீமைகளைப் பற்றி எழுதுவோர் பலர் இந்தப் பக்கத்தைக் கூறாமல் விட்டுவிடுகின்றனர்.

கொலம்பஸ் பூங்காவுக்கு வருகை

1927இல் தொடங்கப்பட்ட கொலம்பஸ் உயிரியல் பூங்கா அமெரிக்காவின் புகழ்பெற்ற பூங்காக்களுள் ஒன்று. மனிதர் பராமரிப்பில் பிறந்த உலகின் முதல் கொரில்லாவான கோலோ, 1956 டிசம்பர் 22 அன்று இங்குதான் பிறந்தது.

2007இல் பிளஃபி இப்பூங்காவுக்குக் கடனாக வந்தது. உரிமை வளர்ப்பாளரிடமே இருந்தது. காட்சிப்படுத்தலும் பராமரிப்பும் பூங்காவின் பொறுப்பு. பாம்பைக் காண மக்கள் திரண்டனர். அதன்பின் பூங்கா நிர்வாகம் அதனை விலைகொடுத்து வாங்கிக்கொண்டது. பூங்காக்களிடையே விலங்குகள் கடனாகப் பரிமாறப்படுவது வழக்கமே. தனியார் ஒருவரிடமிருந்து கடனாகப் பெற்ற பாம்பு பின்னர் நிலையான உடைமையானதே இங்குள்ள சிறப்பு.

பெரும் மலைப்பாம்பை இடம் மாற்றுவது எளிய செயலன்று. இரை விழுங்கிய பாம்பைத் தூக்கினால் அது இரையைக் கக்கிவிடக்கூடும் என்பதால், பயணத்துக்கு முன் சில நாட்கள் உணவு நிறுத்தப்படும். உடலின் ஒவ்வொரு பகுதியையும் ஒருவர் தாங்கிப் பிடித்தாக வேண்டும். நடுவில் தொங்கவிட்டால் முதுகெலும்புக்கும் உள்ளுறுப்புகளுக்கும் கேடு. புதிய இடத்தில் உண்ணிகளும் தொற்றுநோய்களும் மற்றப் பாம்புகளுக்குப் பரவாதிருக்கத் தனிமைப்படுத்தி வைப்பர். இடம் மாறிய பாம்பு வாரக்கணக்கில் உண்ண மறுப்பதும் உண்டு.

பிளஃபிக்கு வாரந்தோறும் முயல்கள் உணவாக அளிக்கப்பட்டன. உயிருள்ள இரை பாம்பைக் கடித்துப் புண்படுத்தக்கூடும் என்பதால் பூங்காக்கள் பெரும்பாலும் ஏற்கெனவே கொல்லப்பட்ட இரையையே கொடுக்கின்றன. காட்டில் பன்றியையும் மானையும் விழுங்கும் இனத்துக்கு முயல்கள் சிறிய உணவாகத் தோன்றலாம். ஆனால் கூண்டில் அசையாது கிடக்கும் பாம்புக்கு மிகுதியான உணவு கொழுப்பைச் சேர்த்து ஆயுளைக் குறைக்கும்.

நீளத்தை அளத்தல்

பாம்பின் நீளம்போல் மிகைப்படுத்தப்பட்ட அளவு விலங்கியலில் வேறில்லை எனலாம். உயிருள்ள பெரும்பாம்பு ஒருபோதும் நேர்க்கோடாக நீண்டு கிடப்பதில்லை. அதன் தசைகள் எப்போதும் எங்கேனும் வளைந்தே இருக்கும். உரித்த தோலை அளந்தாலோ அது எளிதில் இழுபட்டு உண்மை நீளத்தைவிடக் கூடுதலாகக் காட்டும்.

பிட்ஸ்பர்க் நகரின் ஹைலண்ட் பார்க் பூங்காவில் இருந்த கொலோசஸ் என்ற ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு இதற்குத் தக்க சான்று. 1956இல் அதன் நீளம் 28.5 அடி (சுமார் 8.7 மீட்டர்) என்று கூறப்பட்டு, நூல்களில் பல்லாண்டுகள் இடம்பெற்றது. 1963இல் பாம்பு இறந்தபின் அதன் உடல் கார்னகி அருங்காட்சியகத்தில் அளக்கப்பட்டபோது, கூறப்பட்ட நீளத்தைவிட மிகவும் குறைவாக இருந்தது தெரியவந்தது. உயிருடன் அளந்தவர்கள் வளைவுகளுக்கு ஈடாகச் சில அடிகளைத் தாங்களாகவே கூட்டியிருந்தனர். இல்லினாய் மாநிலத்தில் தனியார் காட்சியகம் ஒன்றில் இருந்த பேபி என்ற பர்மிய மலைப்பாம்பு 27 அடி என விளம்பரப்படுத்தப்பட்டது. இறந்தபின் அளந்தபோது 5.74 மீட்டர், அதாவது ஏறத்தாழ 19 அடிதான் இருந்தது.

இந்தோனேசியாவிலும் இது நிகழ்ந்தது. மத்திய சாவகத்தின் ஒரு பூங்காவில் இருந்த மலைப்பாம்பு 14.85 மீட்டர் நீளமும் 447 கிலோ எடையும் கொண்டது என்ற செய்தி 2003 இறுதியில் உலகெங்கும் பரவியது. அடுத்த மாதமே ஒரு செய்தியாளர் நேரில் சென்று அளந்தார். பாம்பு 7 மீட்டரைத் தாண்டவில்லை.

நியூயார்க் விலங்கியல் கழகம் 30 அடி (9.14 மீட்டர்) அல்லது அதற்கு மேல் நீளமுள்ள உயிருள்ள பாம்பைக் கொண்டுவருவோருக்குப் பரிசு அறிவித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1,000 டாலராக இருந்த தொகை காலப்போக்கில் 50,000 டாலராக உயர்ந்தது. ஒருவரும் அதனைப் பெறவில்லை.

இந்தப் பின்னணியில் பார்த்தால் பிளஃபியின் 7.3 மீட்டர் ஏன் மதிப்புடையது என்பது விளங்கும். கேள்விப்பட்ட எண்களைவிட அது சிறியதே. ஆனால் உயிருடன் இருக்கும்போதே, விதிமுறைகளின்படி, சாட்சிகளின் முன் அளக்கப்பட்டது.

மறைவும் அடுத்த சாதனையாளரும்

2010 அக்டோபர் 26 அன்று பிளஃபி இறந்தது. அப்போது அதற்கு வயது 18. சினைப்பையில் ஏற்பட்ட கட்டியே இறப்புக்குக் காரணமாகக் கருதப்பட்டது.

ஓராண்டு கழித்து, 2011 அக்டோபர் 12 அன்று, மிசௌரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டியில் மெடூசா என்ற ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு 7.67 மீட்டர் நீளத்துடன் சாதனைப் பட்டியலில் ஏறியது. அதனை அளப்பதற்கு 15 பேர் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. மெடூசா உயிரியல் பூங்காவில் இல்லை. பேய்வீடு எனப்படும் திகில் கேளிக்கை அரங்கில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. பூங்காவுக்குச் சென்ற பட்டம் மீண்டும் தனியாரிடமே திரும்பியது.

சட்டங்கள்

பிளஃபி புகழ்பெற்ற அதே காலத்தில் மலைப்பாம்பு வளர்ப்பின் மறுபக்கமும் வெளிப்பட்டது. 2009 சூலை 1 அன்று புளோரிடாவில், கூண்டிலிருந்து தப்பிய ஒரு வளர்ப்புப் பர்மிய மலைப்பாம்பு இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றது. அந்தப் பாம்பு 9 அடிகூட இல்லை. கொலம்பஸில் உலகச் சாதனை அறிவிக்கப்படுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன் இது நடந்தது. வளர்ப்பாளர்களிடமிருந்து தப்பியும் கைவிடப்பட்டும் வெளியேறிய பர்மிய மலைப்பாம்புகள் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகி, அங்குள்ள பாலூட்டிகளை அழித்துவந்தன.

2011 அக்டோபர் 18 அன்று கொலம்பஸுக்குக் கிழக்கேயுள்ள சேன்ஸ்வில் நகரருகே ஒருவர் தாம் வளர்த்த சிங்கங்கள், புலிகள், கரடிகள் ஆகியவற்றைத் திறந்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். ஏறத்தாழ ஐம்பது விலங்குகள் காவல்துறையினரால் சுடப்பட்டன. உயிர்தப்பிய ஆறு விலங்குகளை ஏற்றுப் பராமரித்தது, ஓராண்டுக்கு முன்வரை பிளஃபி வாழ்ந்த அதே கொலம்பஸ் பூங்காதான்.

இதன் விளைவாக 2012இல் ஒஹையோ மாநிலம் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டத்தை இயற்றியது. 12 அடிக்கு மேல் நீளமுள்ள ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு உள்ளிட்ட இறுக்கிக் கொல்லும் பெரும்பாம்புகளை வைத்திருக்கத் தனியார் அனுமதி பெறவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. நடுவண் அரசும் 2012இல் நான்கு வகைப் பெரும்பாம்புகளைத் தீங்கு விளைவிக்கும் உயிரினப் பட்டியலில் சேர்த்து, இறக்குமதியையும் மாநிலங்களுக்கிடையே கொண்டுசெல்வதையும் தடைசெய்தது. 2015இல் ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பும் அப்பட்டியலில் சேர்ந்தது. மாநிலங்களுக்கிடையேயான தடைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று வளர்ப்பாளர் சங்கம் தொடுத்த வழக்கில் 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 

இந்தியாவில் இத்தகைய கைமாற்றத்துக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மலைப்பாம்பைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் தண்டனைக்குரிய குற்றம்.

வரலாற்று முக்கியத்துவம்

பிளஃபியின் வாழ்வு நல்லவிதமாக அமைந்தது. திறமையான வளர்ப்பாளரும், அவருக்குப்பின் வசதியுள்ள பூங்காவும் அதற்குக் கிடைத்தனர். மனிதர் பராமரிப்பில் வாழும் பாம்புகளுள் அது மிக நீளமானதாக இருந்ததே அதற்குக் காரணம். 24 அடி நீளமுள்ள பாம்பை எந்தப் பூங்காவும் விரும்பி ஏற்கும். 14 அடி நீளமுள்ள பாம்பை வைத்துக்கொண்டு தவிக்கும் உரிமையாளர்கள் பலர், அவற்றை ஏற்க இடமில்லை என்ற பதிலையே பெறுகின்றனர். கூண்டும் உணவும் பணியாளர்களும் எந்தப் பூங்காவிலும் அளவுக்கு உட்பட்டவை. இவ்வினம் நல்ல பராமரிப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஆகவே சந்தையில் விற்கப்படும் ஒவ்வொரு குஞ்சும் அத்தனை ஆண்டுகளுக்கு ஓர் இடத்தை வேண்டி நிற்கிறது. அந்த இடத்தை விற்பவரும் வாங்குபவரும் முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும்.