இழைப்புளி விலை 450 டாலராம்!

"அபூர்வம்! 1910-ஆம் வருஷத்து ஸ்டான்லி இழைப்புளி! விலை 450 டாலர். பேரம் பேசாதீங்க, என்கிட்ட இருக்கறது என்னன்னு எனக்குத் தெரியும்."

இங்க அமெரிக்காவுல பழைய கருவி விற்கிற இணையப் பக்கங்களை மேயுறவங்களுக்கு இந்த மாதிரி விளம்பரம் பழகிப்போன விஷயம். படத்தைப் பார்த்தா துரு ஏறி, கைப்பிடி உடைஞ்சு கிடக்கும். அதே இழைப்புளி, அதே நம்பர், இதைவிட நல்ல நிலைமையில பத்து மைல் தள்ளி இன்னொருத்தர் 35 டாலருக்குக் கொடுத்துட்டு இருப்பார்.

சிரிச்சுட்டுப் போயிடலாம்தான். ஆனா அந்த 450 எங்கிருந்து வந்துச்சுன்னு தோண்டினா நூத்தம்பது வருஷக் கதை ஒண்ணு கிடைக்குது. ரெண்டு வாரமா அதைத்தான் தோண்டிட்டு இருந்தேன். தீசிஸ் அப்படியே கிடக்கு, அது வேற கதை :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

நம்ம ஊரு மர இழைப்புளியைப் பார்த்திருப்பீங்க. மரக்கட்டை நடுவுல தகடு, அதைப் பிடிச்சு நிறுத்த ஒரு ஆப்பு. தகடு எவ்வளவு வெளிய நீட்டணும்கறதை ஆசாரி சுத்தியலால தட்டித் தட்டித்தான் சரி பண்ணுவார். அமெரிக்காவுலயும் 19-ஆம் நூற்றாண்டு நடுவுல வரைக்கும் பெரும்பாலும் இதே கதைதான். லெனார்ட் பெய்லின்னு ஒருத்தர் இதுல ஒரு மாற்றம் கொண்டுவந்தார். வார்ப்பிரும்பு உடம்பு, பின்பக்கம் ஒரு பித்தளைத் திருகு. விரலால திருகினா தகடு ஏறும், இறங்கும். சுத்தியலே வேண்டாம். கனெக்டிகட் மாநிலம் நியூ பிரிட்டன் நகரத்துல இருந்த ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் கம்பெனி 1869-ல அவரோட காப்புரிமைகளை வாங்கிடுச்சு.

அப்புறம் நடந்தது அச்சடிக்கிற கதை. இழைப்புளிகளுக்கு 1-லேர்ந்து 8 வரைக்கும் நம்பர் போட்டாங்க. நம்பர் ஏற ஏற நீளமும் ஏறும். 8-ஆம் நம்பர் 24 அங்குலம். 4-ஆம் நம்பர் ஏறக்குறைய 9 அங்குலம், கைக்கு அடக்கமானது. தச்சர், பள்ளிக்கூடத் தொழில் வகுப்பு, வீட்டுல சும்மா மரவேலை செய்யறவங்கன்னு எல்லார்கிட்டயும் இருந்தது இந்த 4-ஆம் நம்பர்தான். அதாவது, நம்ம 450 டாலர் "அபூர்வம்" இருக்கே, அது அமெரிக்காவுலயே ரொம்ப சாதாரணமான இழைப்புளி!

அப்ப உண்மையிலேயே அபூர்வம் எது? 1-ஆம் நம்பர். ஐந்தரை அங்குலம்தான் நீளம், பொம்மை மாதிரி இருக்கும். பெரிய ஆளோட கை அதுல சரியா உட்காராது. அதனால வாங்கினவங்க குறைவு, மிஞ்சினதும் குறைவு. 1943-ல உற்பத்தியே நின்னு போச்சு. இன்னைக்கு நல்ல நிலைமையில ஒண்ணு கிடைச்சா ஆயிரம் டாலருக்கு மேல போகும். வேடிக்கையைப் பாருங்க, வேலைக்கு ஆகாததாலதான் அதுக்கு விலை. நிறைய பேர் நிறைய நாள் நம்பி உழைச்ச 4-ஆம் நம்பர், நிறைய இருக்கறதாலயே மலிவு.

எங்கயோ "பழைய ஸ்டான்லி இழைப்புளி ஆயிரம் டாலருக்குப் போச்சு"ன்னு ஒரு சேதி வரும். நம்பர் காதுல விழாது, ஆயிரம் மட்டும் விழும். அப்புறம் கராஜ்ல இருக்கிற இழைப்புளி எல்லாமே தங்கம்தான்.

அந்த "1910" எப்படி வந்துச்சுன்னு கேக்குறீங்களா? இழைப்புளி உடம்புல ஏப்ரல் 19, 1910-னு ஒரு தேதி வார்த்திருக்கும். அது காப்புரிமை கிடைச்ச தேதி, செஞ்ச தேதி இல்ல. 1920-கள்ல வார்த்ததுலயும் அதே தேதிதான். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல பித்தளைத் தட்டுப்பாடு வந்து, திருகைக் கெட்டி ரப்பர்ல செஞ்சாங்க. அன்னைக்கு வேற வழியில்லாம செஞ்சது, இன்னைக்கு விளம்பரத்துல "போர்க்கால அபூர்வம்" :-)

இந்த வித்தியாசத்தை எல்லாம் முறையா பிரிச்சு எழுதினது சேகரிப்பாளர்கள். பழைய கருவிகள் மேல ஆர்வம் உள்ளவங்க 1933-லயே அமெரிக்காவுல ஒரு சங்கம் ஆரம்பிச்சுட்டாங்க. போருக்குப் பிறகு மின்சாரக் கருவிகள் வந்து கை இழைப்புளி பரணுக்குப் போனப்ப, இவங்கதான் அதைத் தேடித் தேடி வாங்கினாங்க. 1990-கள்ல ஜான் வால்டர் எழுதின ஸ்டான்லி கருவிகளுக்கான விலைக் கையேடு இவங்க மத்தியில பிரபலம். கையேட்டு விலைங்கறது எப்பவுமே நிலைமையைப் பொறுத்தது. துருவுக்கு ஒரு விலை, பெட்டி பிரிக்காததுக்கு ஒரு விலை. விற்கிறவர் கண்ணு எந்த விலை மேல போகும்னு நான் சொல்லணுமா?

ஆனா சேகரிப்பாளர்கள் மட்டும் இருந்த காலத்துல 450 நிலைச்சிருக்காது. சந்தையில ஒருத்தர் சாக்கு விரிச்சு 450 சொன்னா, சாயங்காலம் அதைத் திரும்பத் தூக்கிட்டுப் போகணும். பத்திரிகையில வரி விளம்பரம் போட்டா வரிக்கு இவ்வளவுன்னு காசு. விற்கலைன்னா அடுத்த வாரமும் காசு. தப்பான விலைக்கு ஒரு அபராதம் இருந்துச்சு.

1995-ல பியர் ஒமிட்யார் ஈபேயை (அப்ப பேரு ஆக்‌ஷன்வெப்) ஆரம்பிச்சப்பவும் அது ஏலம்தான். அதுல முதல்ல வித்தது ஒரு உடைஞ்ச லேசர் பாயின்ட்டர், 14.83 டாலருக்கு. கேட்டா சிரிப்பு வரும், ஆனா அந்த விலையைச் சொன்னது வாங்கினவர். 2000-ல "இப்பவே வாங்கு"ன்னு நிலையான விலை போடுற வசதி வந்துச்சு. கிரெய்க்ஸ்லிஸ்ட்ல வீட்டுச் சாமான் விற்க விளம்பரம் இலவசம். 2016-ல வந்த ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ்ல உள்ளூர்ல விற்கிறதும் இலவசம். என்ன விலை வேணும்னாலும் போடலாம், வருஷக்கணக்கா தொங்க விடலாம், ஒரு பைசா செலவில்ல. என் கணக்குப்படி இந்த வரலாற்றுல முக்கியமான திருப்பம் இதுதான்: தப்பான விலைக்கு இருந்த அபராதம் காணாமப் போச்சு.

விளைவு என்ன? 35 டாலர் இழைப்புளி ஒரு மணி நேரத்துல வித்துப் போய் கண்ணுல இருந்து மறைஞ்சுடும். 450 டாலர் அப்படியே நிக்கும். நீங்க எப்ப தேடினாலும் கண்ணுல படறது பெரும்பாலும் விற்காத விலைகள். அடுத்து விற்க வர்றவர் அதைப் பார்த்துட்டு "ஓ, இதான் ரேட்டு போல"ன்னு 425 போடுவார்.

இந்த நோய் கணினிக்கும் வந்துருக்கு. 2011 ஏப்ரல்ல அமேசான்ல ஈயோட மரபியல் பத்தின ஒரு பாடப்புத்தகத்தோட விலை 2 கோடியே 36 லட்சம் டாலரைத் தாண்டிச்சு. ரெண்டு கடைக்காரங்களோட நிரல்கள் ஒண்ணை ஒண்ணு பார்த்து விலை போட்டதுதான் காரணம். ஒண்ணு அடுத்ததைவிடக் கொஞ்சம் குறைச்சுப் போட, இன்னொண்ணு அதை மாதிரி 1.27 மடங்கு போட, தினமும் ஏறிக்கிட்டே போச்சு. ஒருத்தரும் வாங்கலை. நம்ம இழைப்புளிக்காரங்க செய்யறதும் இதேதான், கொஞ்சம் மெதுவா.

அப்ப விற்கிறவங்க எல்லாம் பேராசைக்காரங்களா? எனக்கு அப்படித் தோணலை. கானமன், நெட்ஷ், தேலர் மூணு பேரும் 1990-ல வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கு. மாணவர்கள்ல பாதிப் பேருக்கு காபி கோப்பை கொடுத்து விற்கச் சொன்னாங்க. கையில கோப்பை இருக்கறவங்க கேட்டது ஏறக்குறைய 5 டாலர், இல்லாதவங்க கொடுக்கத் தயாரா இருந்தது அதுல பாதி. கொஞ்ச நேரம் முன்னாடி கைக்கு வந்த கோப்பைக்கே இந்தக் கதின்னா, அப்பா நாற்பது வருஷம் பிடிச்ச கைப்பிடிக்கு?

விளம்பரங்களைப் பொறுமையா படிச்சா தெரியும். "எங்கப்பாவோடது", "தாத்தா தச்சர்", "வீட்டைக் காலி பண்றோம்". அந்த 450 இழைப்புளியோட விலை இல்ல. எங்கப்பா 35 டாலர் ஆளு இல்லைன்னு சொல்றதுக்கு வேற இடம் இல்லாம விலைக் கட்டத்துல எழுதி வச்சிருக்காங்க.

நம்ம ஊர்ல இதுக்கு நேர் எதிர். "பழைய இரும்புச் சாமானுக்குப் பேரீச்சம்பழம்"னு தெருவுல குரல் கேட்டா, எங்கப்பா காலத்துல துருப்பிடிச்ச உளிகூட எடைக்குப் போகுமாம். எங்க தெரு ஆசாரி ஒருத்தர் போனப்புறம் அவரோட மொத்தக் கருவியும் சாக்குல எடைக்குப் போனதை நானே பார்த்திருக்கேன். இங்க அளவுக்கு மீறின விலை, அங்க விலையே இல்ல. ரெண்டு இடத்துலயும் கருவி அடுத்த கைக்குப் போய்ச் சேரலை. எடைக்குப் போனது உருகிப் போச்சு. 450-ல நிக்கிறது ஈரமான கராஜ்ல துருவேறிக்கிட்டு இருக்கு. புதுசா தொழில் கத்துக்கிற பையனுக்கு 35 டாலருக்குக் கிடைச்சிருந்தா, ஒரு சாயங்காலம் துருவைத் தேய்ச்சு, தகட்டைத் தீட்டி, மறுநாளே மரத்துல ஓட்டியிருப்பான். நூறு வருஷம் ஆனாலும் ஓடுற சாமான் அது.

வாங்கற எண்ணம் இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஈபேயில "வித்தவை" மட்டும் காட்டுன்னு வடிகட்டிப் பாருங்க. கேட்ட விலை வெறும் ஆசை, வித்த விலைதான் வரலாறு. விற்கிற எண்ணம் இருக்கறவங்களுக்கும் அதேதான். அப்பாவைப் பத்தி நாலு வரி கூட எழுதுங்க, விலையைக் குறைங்க. வாங்கினவன் கைப்பிடியைப் பிடிக்கிறப்பல்லாம் அந்த நாலு வரி ஞாபகம் வரும்.

உங்க ஊர்ல ஆசாரிங்க கருவியெல்லாம் இப்ப எங்க இருக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: என்கிட்ட இருக்கறது 4-ஆம் நம்பர்தான். விற்கிறதா இல்ல. 450 கொடுத்தா யோசிக்கலாம் ;-)